சம்பந்தி குடித்த டீ

டம்ளரில் ஊற்றிய டீ ஆறி, ஆடை கட்டிவிட்டது. பெண் கேட்டு வந்த மணிமேகலை அதைத் தொடவேயில்லை.

"எனக்குப் பால் சேராதுங்க. குடிச்சா தொண்டை அடைச்சுக்கும்."

பெண்ணின் அம்மா பவுனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஊருக்குள்ளிருந்து காலனிக்கு வருகிறவர்களை அவள் பார்க்காததா? வாசலை மிதித்ததும் ஒருத்தருக்குச் சர்க்கரை வந்துவிடும், ஒருத்தருக்கு விரதம் வந்துவிடும்.

"நாலு மாடு கறந்து சொசைட்டிக்கு ஊத்தறீங்க. மாட்டோட கெடந்தா ஒன்னும் பண்றதில்ல. எங்க வூட்டு டீதான் தொண்டைய அடைக்குதுங்களா?"

"மாடு ஒன்னும் பண்ணாதுங்க. பால்தான்."

"நெசந்தாங்க அத்தை," என்றான் மணிமேகலையின் மகன் அன்பு.

"நீங்க சும்மா இருங்க தம்பி. ஒரு வாய் டீ எறங்காதவங்களுக்கு, எம் பொண்ணு ஆக்கற சோறு எப்படி எறங்கும்? வேற எடம் பாத்துக்கங்க."

மணிமேகலை மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் "வேணாம்மா" என்பதற்குள் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

பவுனுக்கு அப்போதுதான் மனசு ஆறியது. அவள் தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்து வருவதற்குள், சம்பந்தி முகம் வீங்கி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் பவுனுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் மணிமேகலையின் அண்ணன் மாதவராஜ் நாலு பேரோடு வந்து பவுனை மறித்தான்.

"டீயில என்னத்தடி கலந்த?"

"சாமி, அவங்களுக்குப் பால் சேராதுங்க. ஊசி போட்டு மூச்சு வந்திருச்சு. டாக்டரே சொன்னாருங்க, பாலாலதான்னு."

மாதவராஜ் பின்னால் திரும்பினான்.

"அந்த டாக்டரு என்ன ஆளுன்னு மொதல்ல விசாரிங்கடா."