வாயைத் திறந்தபடி நின்ற வாத்தியார்

"சார், வாத்தியார் மறுபடியும் நின்னுட்டார்!"

பதினாலு மாணவர்களும் சேர்ந்து கத்தினார்கள். கம்ப்யூட்டர் திரையில் 'சி' மொழி நடத்திக்கொண்டிருந்த பம்பாய் வாத்தியார், ஏழாவது பாடத்தின் நடுவில் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றிருந்தார்.

ஜெயகிருஷ்ணன் மவுஸைத் தட்டினார். மானிட்டரின் மண்டையில் தட்டினார். வாத்தியார் வாயை மூடுவதாக இல்லை.

மைசூர் சரஸ்வதிபுரத்திலேயே மல்ட்டிமீடியா வகுப்பு நடத்தும் முதல் ஆள் தாம்தான் என்று ஜெயகிருஷ்ணனுக்குப் பெருமை. 'எங்கள் வாத்தியாருக்கு லீவே கிடையாது' என்று நோட்டீஸ் அடித்து வீதி வீதியாகக் கொடுத்திருந்தார். பம்பாயில் படம்பிடித்த பன்னிரண்டு பாடமும் ஒரே சிடியில். வகுப்பு நேரம் போக அது பீரோவில். பீரோ சாவி அவர் இடுப்பில்.

லீவே எடுக்காத வாத்தியார் தசரா விடுமுறை முடிந்த முதல் நாளே இப்படி மக்கர் பண்ணினால்?

போன் போட்டதும் சர்வீஸ் பையன் ஹேமந்த் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். "இரி சார், பார்க்கறேன்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி, சிடியை வெளியே எடுத்துத் திருப்பினான்.

பளபளக்கும் பக்கத்தில் நாலணா அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் அம்சமாக ஒரு குங்குமப் பொட்டு.

"சிடிக்கு யார் சார் பொட்டு வெச்சது?"

வகுப்பே சிரித்தது. ஜெயகிருஷ்ணன் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்? அவர் தலைக்கு மேலே சுவரில் தொங்கும் போர்டு அப்படி: 'இது கம்ப்யூட்டர் லேப். பூஜை அறை அல்ல.'

ஆயுத பூஜைக்கு முதல் நாள், ஊரில் ஆட்டோவுக்கும் மாவு மெஷினுக்கும் மாலை வாங்க ஜனங்கள் அலைந்துகொண்டிருந்தபோது, அவர் இதே வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினார். "மெஷினுக்குப் பொட்டு வைக்கிறவன் இந்த ஜென்மத்துல புரோகிராமர் ஆக மாட்டான்." அவ்வளவு பகுத்தறிவு. வாராவாரம் சாமுண்டி மலை ஏறுவதுகூட உடற்பயிற்சிக்காகத்தான் என்பார்.

"சரசு!"

ஈரத் துணியும் கையுமாகச் சரசு வந்து நின்றாள். ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்தவள். காலையும் மாலையும் சென்டரைப் பெருக்கித் துடைப்பாள். அதற்குச் சம்பளத்தோடு ஒரு சலுகையும் உண்டு. வகுப்பு முடிந்தபின் காலி மெஷினில் அவள் மகள் ராணி தினம் ஒரு மணி நேரம் பாடம் பார்த்துக்கொள்ளலாம். ராணி ஆறு பாடம் முடித்திருந்தாள்.

"மெஷினுக்குப் பொட்டு வைக்கட்டுமான்னு போன வாரம் கேட்டது நீதானே?"

"ஆமாங்க சார். கேட்டனுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"கூடாதுன்னு சொன்னீங்க."

"அப்புறம் இது என்ன?"

சரசு சிடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தீங்களா, வாயே தொறக்க மாட்டேங்கறா! கையும் களவுமா மாட்டிக்கிட்டா என்னத்தைப் பேசுவா? உங்களையெல்லாம் திருத்தவே முடியாது. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம். உன் பொண்ணும் வர வேண்டாம்."

"சார், அவளுக்கு இன்னும் ஆறு பாடந்தானுங்க பாக்கி. என்னை வேணா நிறுத்திருங்க. அவளை மட்டும்..."

"மூடநம்பிக்கைக்கு இங்கே இடமில்லை!"

முன்வரிசையில் ஒருவன் கைகூடத் தட்டினான்.

ஹேமந்த் இதிலெல்லாம் தலையிடாமல் மெத்தென்ற துணியால் சிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "பாடம் பூரா இந்தப் பளபளங்கற பக்கத்துலதான் சார் இருக்கு. லைட் இங்கேதான் பட்டுப் படிக்கும். எழுத்து அச்சடிச்ச பக்கத்துல வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"அப்படியா!" என்றார் ஜெயகிருஷ்ணன். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்குத் தெரியும். பசங்க தெரிஞ்சுக்கட்டும்னு கேட்டேன்."

"ஆயித்து சார்" என்று ஹேமந்த் சிடியை உள்ளே தள்ளினான். பம்பாய் வாத்தியார் ஒரு வழியாக வாயை மூடி, மறுபடி திறந்து, விட்ட இடத்திலிருந்து நடத்த ஆரம்பித்தார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். சரசு அன்றைக்கும் குறை வைக்காமல் மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். பிறகு வாசல் கதவுச் சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"என்ன, மன்னிப்புக் கேக்கப் போறியா?"

"இல்லீங்க சார். பூஜை அன்னிக்குக் காலையில கூட்டலாம்னு வந்தனுங்க. நீங்க உள்ளார சிடிக்குப் பொட்டு வெச்சுட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. பசங்க யாராச்சும் வந்து பாத்துட்டா உங்களுக்கு அவமானமாப் போயிருமேன்னு, நீங்க முடிக்கிற வரைக்கும் வாசப்படியிலயே காவலுக்கு நின்னனுங்க."

ஏழாவது பாடத்து வாத்தியார் மாதிரியே ஜெயகிருஷ்ணனின் வாயும் திறந்தபடி நின்றது.

சரசு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த வருசம் காவலுக்கு நான் இருக்க மாட்டனுங்க. பொட்டை மட்டும் எழுத்து இருக்கற பக்கமா வெச்சிருங்க சார்."