எட்டும் ஒன்பதும்

"இந்த ஷூவை வித்தது நீங்கதானே?"

சேல்ஸ்மேனின் மேஜை மேல் ஒரு ஜோடி கருப்பு ஷூ தொப்பென்று விழுந்தது. கொண்டுவந்த அம்மாள் லேசில் விடுகிற ரகம் இல்லை என்பது கடைக்குள் நுழைந்த வேகத்திலேயே தெரிந்தது. பின்னால் ரப்பர் செருப்போடு அவளுடைய கணவர், 'விடேன், போகட்டும்' என்கிற முகத்தோடு நின்றார்.

"நான்தாம்மா," என்றார் சேல்ஸ்மேன்.

"இடது எட்டு, வலது ஒம்போது. பாலிஷ் போட எடுத்தப்பதான் பார்த்தேன். ரெண்டு மாசமா இதை மாட்டிக்கிட்டு இந்த மனுஷன் வேலைக்குப் போயிருக்காரு. கேட்க ஆளில்லைன்னு நினைச்சீங்களா?"

ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அவசரமாகத் தன் பெட்டியில் சைஸைச் சரிபார்த்தார். சத்தம் கேட்டு மாடியிலிருந்து முதலாளி இறங்கி வந்தார்.

"என்னய்யா இது? பெட்டி மாத்திக் கொடுத்துட்டியா?"

"இல்ல முதலாளி. தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டுக்கங்க சார், அவரே ஒத்துக்கிட்டாரு," என்றாள் அம்மாள்.

சேல்ஸ்மேன் அவளுடைய கணவர் பக்கம் திரும்பினார். "சார், இந்தச் செருப்போட வாசல் வரைக்கும் நடங்க. அம்மா, நீங்க பின்னாலேர்ந்து அவர் தோளை மட்டும் பாருங்க."

கணவர் சலூனில் முடி வெட்டுகிறவர். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. கூச்சத்தோடு நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் இடது தோள் இறங்கி இறங்கி ஏறியது.

"இப்ப ஷூவைப் போட்டுக்கிட்டு நடங்க."

நடந்தார். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் போயின.

"இன்னொரு தடவை நடங்க," என்றாள் மனைவி. நடந்தார். "இன்னும் ஒரு தடவை." அதற்கும் நடந்தார். பதினெட்டு வருஷமாகக் கூடவே நடந்த ஆளை இன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவள் மாதிரி பார்த்தாள்.

"எந்தப் போட்டோவுலயும் என் பக்கமே சாஞ்சு நிப்பாரு," என்றாள் மெதுவாக. "ஆசைன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அவருக்கு இடது கால் ஒரு சைஸ் சின்னதும்மா. இத்தனை வருஷமா பெரிய காலுக்கு அளவு பார்த்து வாங்கியிருக்காரு. சின்னக் கால் உள்ளுக்குள்ள வழுக்கும். வழுக்காம இருக்க விரலை மடக்கி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நிப்பாரு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். விரல் இறுகினா கெண்டைக்கால் இறுகும். முழங்கால் திரும்பும், இடுப்பு சாயும், கூடவே தோளும் இறங்கும். கடைசியில பாவம், கழுத்து வலிக்குதுன்னு தைலம் தேய்ச்சுக்குவாரு."

"கழுத்துக்குத்தான் தேய்ப்பாரு." அவள் கணவரைப் பார்த்தாள். "ஏங்க, ரெண்டு மாசமா தைலமே கேட்கலையே நீங்க?"

"வலிச்சாத்தானே கேட்கிறதுக்கு," என்றார் அவர்.

"கால் விரல் மடங்கினதுக்கா கழுத்து வலிச்சுது?" அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சட்டென்று சேல்ஸ்மேனிடம் திரும்பினாள். "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சார்கிட்ட சொன்னேனேம்மா."

கணவர் தலையைச் சொறிந்தார். "சொன்னாரு. உன்கிட்ட சொன்னா, புருஷனுக்குக் கால் ரெண்டும் ரெண்டு விதம்னு உன் தங்கச்சிங்க வரைக்கும் சேதி போயிடும்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"அவங்க சமாதானமாயிட்டாங்க, நான் ஆகலை. இடது ஒம்போது, வலது எட்டுன்னு மிச்சம் ஒரு ஜோடி இருக்கணுமே. எங்கய்யா அது?"

"போயிடுச்சு முதலாளி."

"யார் தலையில கட்டினே?"

சேல்ஸ்மேன் குனிந்து தரையைப் பார்த்தார்.

"ஒருத்தருக்கு நல்லது பண்றேன்னு இன்னொருத்தனை நொண்ட விட்டிருக்கே. கடை பேர் என்ன ஆகிறது? நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

இருபது வருஷ வேலை. சேல்ஸ்மேனின் முகம் வெளுத்துவிட்டது. சண்டைக்கு வந்த அம்மாளுக்கே மனசு கேட்கவில்லை.

"பாவம் சார் அவரு. இவரை எப்படி நிமிர்த்தி விட்டிருக்காரு பாருங்க."

"நீங்க வேறம்மா. ஷூவால எங்கயாவது உடம்பு நிமிருமா? எனக்கும்தான் மூணு வருஷமா இடுப்பு வலி ஆட்டி வெச்சுது. காலையில எழுந்து நடக்க ஆரம்பிச்சேன், போன மாசத்தோட தானா போச்சு." முதலாளி மறுபடி சேல்ஸ்மேனிடம் வந்தார். "அந்த அப்பாவி யாருன்னு சொல்லு. நானே போய் மன்னிப்புக் கேட்டு நல்ல ஷூவா கொடுத்துட்டு வரேன்."

சேல்ஸ்மேன் அவர் காலடியில் மண்டியிட்டார். காலில் விழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதலாளிகூடச் சங்கடத்தோடு ஒரு அடி பின்னால் போனார். ஆனால் சேல்ஸ்மேன் அவருடைய ஷூ கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

இடது ஒன்பது. வலது எட்டு.

"ஒரு ஜோடியைப் பிரிச்சா மிச்சம் வீணாப் போகும்னு நீங்க விடமாட்டீங்க முதலாளி. அதான் உங்க காலுக்கு நேர்மாறா ஒரு கால் வருமான்னு, மூணு வருஷமா வர்றவங்க எல்லாருக்கும் ரெண்டு காலையும் அளந்துக்கிட்டிருந்தேன்."