தெளியாத குழாய்

இப்போதெல்லாம் துஷ்டி வீட்டில் அழுதால் மட்டும் போதாது. கண்ணீரைக் குழாயில் பிடித்து மிஷினில் சுற்ற வேண்டும். பாசாங்கு கனமான சரக்கு, முதல் சுற்றிலேயே அடியில் படிந்துவிடும். உண்மைத் துக்கம் மகா பொடி. எவ்வளவு சுற்றினாலும் படியாமல் கலங்கியே நிற்கும். அதிகம் கலங்கிய குழாய்தான் பிணத்தின் நெஞ்சில் ஏறும்.

பாத்திரக்கடை பரமானந்தம் செத்த அன்று, அவர் மனைவி உலகம்மாளின் குழாய் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. காலமெல்லாம் விலையைக் குறைத்துக் குறைத்து அவரோடு மல்லுக்கு நின்ற எதிர்க்கடை ஹனீபாவின் குழாயோ அரிசி கழுவின தண்ணீராக நின்றது.

"அவுக குழாயை இன்னும் வேகமாச் சுத்து," என்றாள் உலகம்மாள்.

"இதுக்கு மேல வேகம் இல்லக்கா," என்றாள் மிஷின்காரப் பெண்.

ஹனீபா தணிந்த குரலில் சொன்னார்: "என் குழாயில மதினி பேரை ஒட்டிரும்மா. அவன் ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டான்."

"அவுக என்ன நினைப்பாகன்னு நீங்களா எனக்குச் சொல்லுதீக?"

உலகம்மாளுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் ரெண்டு வார்த்தை பேசாத மனுஷன், இந்த ஆளோடு பகலெல்லாம் தொண்டை கிழியக் கத்தினாரே. நினைக்க நினைக்கக் கண்ணீர் பொங்கியது. மிஷின்காரப் பெண் சட்டென்று புதுக் குழாயை நீட்டினாள்.

அந்தக் கண்ணீர் கடைசி வரை தெளியவே இல்லை. ஹனீபாவின் குழாயையே தோற்கடித்துவிட்டது.

"புருசன்னா அவளுக்கு உசுருல்லா," என்றது தெரு.

உள்ளே இருப்பது என்ன சரக்கு என்று ஹனீபாவுக்குத் தெரியும். ஆனாலும் வியாபாரி; அடுத்தவர் சரக்கைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.