மணி அடிக்காதவள்

கோபம் வந்தால் சுவரில் தலையை முட்டிக்கொள்ளும் கோமதியை அவளுடைய அப்பா சங்கரலிங்கம்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தார். டாக்டர் பெனிட்டா அவளுடைய ஒரு கையை ஐஸ் தண்ணீர் வாளிக்குள் விடச் சொன்னார். மறு கையில் ஒரு சின்ன மணியைக் கொடுத்து, வலி தாங்க முடியாதபோது அடிக்கச் சொன்னார். மூன்று நிமிடமாகியும் மணி அடிக்கவில்லை.

"மூளைக்கு வலி போகாம இல்ல. போற வலிய அமுக்கி வைக்கப் பழகியிருக்கு. சின்ன வயசுல யாராவது அடிச்சாங்களா?" குறிப்பு எழுதிக்கொண்டே கேட்டார் டாக்டர்.

கோமதி அப்பாவைப் பார்த்தாள். பெல்ட்டை ஓங்கும்போதெல்லாம் அவர் ஒன்றைத்தான் சொல்வார்: "வலிக்குன்னு சொல்லு, விட்டுருதேன்." ஒருநாள்கூட அவள் சொன்னதில்லை.

"சும்மா நடிக்கா டாக்டர்" என்று சங்கரலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் கையையும் வாளிக்குள் விட்டார். அரை நிமிடத்தில் அவர் முகம் கோணியது. கையை இழுக்கப் பார்த்தார், வரவில்லை. தண்ணீருக்குள் அவள் கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"வலிக்குன்னு சொல்லுங்கப்பா" என்றாள் கோமதி, மிகப் பிரியமாக. "விட்டுருதேன்."