கூடாரத்தின் நான்கு மூலைகள்

விடிந்ததும் வெளியே வந்த வளர்மதி, கூடாரத்தின் மூலையில் இருந்த கல்லைக் காலால் புரட்டினாள். அடிப்புறத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. முந்தின மாலை, போகிற வழியில் இந்த ஏரிப் புறம்போக்கில் காரை நிறுத்திக் கூடாரம் அடித்தபோது மணலில் முளைக்குச்சி நிற்கவில்லை. வேலமரத்தடியில் வரிசையாக இருந்த ஏழு கற்களில் நான்கைத் தூக்கிவந்து மூலைக்கொன்றாக வைத்தான் அவள் கணவன் தணிகை. "வாடகையில்லாத வீட்டுக்கு அஸ்திவாரமும் இலவசம்டி" என்று சிரித்தான்.

"ஏங்க, இது கன்னிமார் கல்லுங்க. எடுத்த எடத்துலயே வச்சிருவோம். பாப்பா உள்ள தூங்குறா."

அவன் இப்போது சிரிக்கவில்லை. ஆளுக்கு இரண்டாகச் சுமந்துபோய், பழைய பள்ளங்களிலேயே பதித்தார்கள். கும்பிடக் கை கூப்பியபோது காற்று சுழன்றடித்தது. வேலமரம் வளைந்தது. பதறித் திரும்பினாள். தண்ணீருக்குப் பத்தடி தள்ளி, கூடாரம் நான்கு மூலைகளும் தரையோடு இறுகியபடி அசையாமல் நின்றது.

உள்ளே மகள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"நாலு அக்காவும் கெட்டியாப் புடிச்சுக்கோங்க. அம்மா வந்தா விட்டுருவீங்களா?"

கூடாரத்தை நோக்கித் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றாள் வளர்மதி.