தண்ணீர் பட்டதும்

குமாசி நகரத்தில் மதிய வெயில் போமாவின் முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது. கண்ணாடி முன்னால் டுஃபி. தினமும் சூடான ஸ்ட்ரெய்ட்னரால் இழுத்து நேராக்கி, பொன்னிறச் சாயமும் ஏற்றிய அவள் முடி தோளில் வைக்கோலாகக் கிடக்கிறது. "காஞ்ச மக்காச்சோளக் குஞ்சமேதான்!" வறுத்த வாழைக்காயை மென்றபடி, காத்திருக்கும் பெண்ணொருத்தி சொல்ல, கடையே சிரிக்கிறது. "எண்ணெய் வச்சா சரியாயிடாதாக்கா?" என்கிறாள் டுஃபி. போமா அவள் முடியில் தண்ணீரைப் பீய்ச்சுகிறாள். வேரோரம் புதிதாய் வளர்ந்த கறுப்பு முடி, தண்ணீர் பட்டதும் சுருண்டு சுருண்டு மேலேறுகிறது. பொன்னிறப் பகுதி ஈர நூலாக அப்படியே தொங்குகிறது. "சுருள்றதுக்கு உசுரு இருக்கு. தொங்குறது செத்தது. வெட்டித்தான் ஆகணும்." "ஐயோ, மறுபடியும் பள்ளிக்கூடத்துத் தலையா?" பள்ளி விதிப்படி ஒட்ட வெட்டிய தலையோடு வளர்ந்தவள் அவள். படிப்பு முடிந்த அன்றே, இனி தலையில் கத்தரி படாது என்று சபதம் செய்தாள். வளர வளர ஸ்ட்ரெய்ட்னரால் நேராக்கிக்கொண்டே வந்ததால், தன் சுருளை அவள் பார்த்ததேயில்லை. இப்போது ஒரு கறுப்புச் சுருளை விரலால் இழுக்கிறாள். மூக்கு வரை வருகிறது. விட்டால் துள்ளி நெற்றிக்கு ஓடிவிடுகிறது. மறுபடி இழுக்கிறாள், மறுபடி விடுகிறாள். "இது என் முடியாக்கா?" "பின்னே, என்னோடதா? வெட்டவா?" டுஃபி கண்ணாடியிலிருந்து கண்ணெடுக்காமல் சரியென்று தலையாட்டுகிறாள். பொன்னிறக் கற்றை மடியில் விழுகிறது. அதை அவள் பார்க்கவேயில்லை. "அக்கா, பின்பக்கமும் தண்ணி அடிங்க. அங்க எப்படிச் சுருளுதுன்னு பாக்கணும்."