ஓடும் பஸ்ஸுக்கு ஒரு படம்

குன்றின் மேல் ஒரு டிவி டவர் இருந்தது. தான் அனுப்பும் படத்தில் ஒருத்தி நெற்றிப் பொட்டு மங்கினால்கூட அதற்குப் பொறுக்காது.

அன்று பெண்கள் கபடி இறுதி ஆட்டம். கடைசி ரெய்டு, ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட் வேண்டும். பாடிப் போகிறவள் பஸ் கண்டக்டர் அமுதவல்லியின் தங்கை. ஓடும் பஸ்ஸில், டவரிலிருந்து நேராகவே படம் வாங்கும் அமுதவல்லியின் செல்போனைச் சுற்றிப் பயணிகள் குவிந்திருந்தார்கள். படமோ கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

"அக்கா, ஒண்ணுமே தெரியல!" என்று டவரைப் பார்த்துக் கத்தியது செல்போன்.

"எல்லாத்தையும்தானே அனுப்புறேன்!"

"அதான் தொல்லை. ஓடிக்கிட்டே வாங்குறேன், பாதி சிந்திடுது. கொஞ்சமா அனுப்புங்க, அதையே ரெண்டு தடவை அனுப்புங்க. ஒண்ணு தவறினா இன்னொண்ணைப் பிடிச்சுக்குவேன்."

படத்தை அள்ளி அனுப்ப டவரிடம் இருந்தது ஒரே கூடை. எதையாவது இறக்கினால்தான் இரண்டாவது தடவைக்கு இடம். அது மனசில்லாமல் பொட்டுகளை இறக்கியது. பிறகு பார்வையாளர்களின் முகங்களையும் இறக்கியது.

உள்ளங்கை அளவுப் படம் உடையாமல் வந்தது. தங்கை ஒருத்தியைத் தொட்டுவிட்டுப் பாய்ந்தாள். அவள் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டதை பஸ்ஸே பார்த்தது. ஒரே கூச்சல்! டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ரோட்டோர மாடியில் அசையாமல் நின்ற ஆன்டெனாவுக்குக் கோபம். "என்னக்கா இது? ஜெயிச்சதும் ஜனங்க முகத்தைப் பார்க்கலாம்னு இருந்தேன். எல்லாம் மங்கலா இருக்கு!"

"கொஞ்சம் கீழே ரோட்டைப் பாரு," என்றது டவர். "ஜன்னலுக்கு ஜன்னல் முகம்தான்."